பாரதம் பாடிய வில்லிபுத்தூரார்

நுழையும்முன்

காப்பியங்கள் மாந்தரின் கதைகளைச் சொல்லுகின்றன. அக்காப்பியங்களைப் பாடிய புலவர்களைப் பற்றியோ மக்கள் கதை சொல்லுகின்றனர். வான்மீகியையும் வியாசரையும் சூழ்ந்து பழங்கதைகள் வழங்குவதைப் போலவே, நடுநாட்டில் தோன்றிப் பாரதத்தைத் தமிழில் பாடிய வில்லிபுத்தூராரைச் சூழ்ந்தும் ஒரு கதை வழங்குகிறது. அவர்தம் வாழ்வையும் அக்கதை உணர்த்தும் பொருளையும் காண்போம்.

நடுநாட்டின் கல்வி மரபு

பெண்ணையாறு வளப்படுத்தும் திருமுனைப்பாடி நாடு, நாவுக்கரசரும் சுந்தரரும் பிறந்த பெருமையுடையது. விழுப்புரம் பகுதியிலுள்ள பிரம்மதேசம், சோழர் காலக் கோயில்களையும் கல்வெட்டுகளையும் கொண்ட ஊராகும். அதனை அடுத்துள்ள எண்ணாயிரத்தில், முதலாம் இராசேந்திர சோழன் காலத்தில் 340 மாணவர்களும் 14 ஆசிரியர்களும் கொண்ட கல்லூரி ஒன்று விளங்கியதைக் கல்வெட்டால் அறிகிறோம். வேதமும் இலக்கணமும் தத்துவமும் அங்குக் கற்பிக்கப்பட்டன. கற்போர்க்கும் கற்பிப்போர்க்கும் நாள்தோறும் நெல் அளக்கப்பட்டது. இவ்வாறு கல்வியைப் போற்றிய நாட்டில், சில நூற்றாண்டுகளுக்குப் பின் வில்லிபுத்தூரார் தோன்றினார்.

பிறப்பும் புரவலரும்

வில்லிபுத்தூராரின் ஊர் சனியூர். தந்தையார் பெயர் வீரராகவாச்சாரியார். வைணவ மரபினராகிய அவர், பெரியாழ்வாரின் பெயராலேயே தம் மகனை அழைத்தார். வில்லிபுத்தூராரின் காலம் கி.பி. 1400ஐ ஒட்டியது என்பர். இளமையிலேயே வடமொழியும் தமிழும் கற்றுத் தேர்ந்த இவரை, வக்கபாகையை ஆண்ட வரபதி ஆட்கொண்டான் என்னும் சிற்றரசன் போற்றிப் புரந்தான். கம்பருக்குச் சடையப்ப வள்ளல் வாய்த்ததைப் போல இவருக்கு ஆட்கொண்டான் வாய்த்தான். தம் நூலில் அவனைப் பாராட்டிப் பாடி, வில்லிபுத்தூரார் நன்றிக்கடன் செலுத்தினார்.

செருக்கு அடங்கிய கதை

கல்வி பெருகியபோது வில்லிபுத்தூராரின் செருக்கும் பெருகியது என்று செவிவழிக் கதை கூறுகிறது. அவர் புலவர்களை வாதுக்கு அழைப்பார். தோற்றவர்களின் காதுகளை அறுத்துவிடுவார். பிழைபடப் பாடுவோரை ஒறுத்துத் தமிழைக் காப்பதாக அவர் எண்ணினார். ஆயினும், அறிவு அச்சத்தை விளைவிக்கும் கருவியாயிற்று. அவர் வருகையை அறிந்து புலவர்கள் நடுங்கினர்.

ஒருநாள் அவர் முருகனடியாராகிய அருணகிரிநாதரை எதிர்கொண்டார். அருணகிரிநாதர் கந்தர் அந்தாதியைப் பாடப் பாட, வில்லிபுத்தூரார் உடனுக்குடன் பொருள் கூறிவந்தார். ஐம்பத்து நான்காம் பாடல் வந்தது. அது முழுவதும் தகர வருக்க எழுத்துகளாலேயே அமைந்தது. வில்லிபுத்தூராரின் நா எழவில்லை. தாம் விதித்த தண்டனைக்குத் தாமே உரியவராகி அவர் தலைகுனிந்து நின்றார். அருணகிரிநாதரோ அவர் காதுகளை அறுக்கவில்லை. அப்பாடலுக்குத் தாமே பொருள் விளக்கி, அக்கொடிய வழக்கத்தைக் கைவிடுமாறு அறிவுறுத்தினார். வென்றவர் காட்டிய இரக்கமே தோற்றவரைத் திருத்தியது. கருணைக்கு அருணகிரி என்னும் வழக்கு இந்நிகழ்ச்சியால் எழுந்தது என்பர். அதன் பின்னரே வில்லிபுத்தூரார் பாரதம் பாடினார் என்று கூறுவோரும் உளர்.

இது வரலாற்றுச் சான்றுடைய செய்தி அன்று. மக்கள் வழங்கிய கதையே. எனினும், பாரதம் எழுதப்பட்டதைப் பற்றிய பழங்கதையோடு இதற்கு ஓர் ஒப்புமை உண்டு. வியாசர் சொல்ல விநாயகர் எழுத இசைந்தபோது, எழுதும் கை இடையில் நிற்கலாகாது என்று விநாயகர் விதித்தார். பொருள் உணராமல் எழுதலாகாது என்று வியாசர் விதித்தார். இடையிடையே வியாசர் அரிய சுலோகங்களைச் சொல்ல, விநாயகரும் சற்றே நின்று சிந்திக்க நேர்ந்தது. விரைவைக் காட்டிலும் உணர்வே கல்விக்கு வேண்டும் என்பதை இரு கதைகளும் புலப்படுத்துகின்றன. வில்லிபுத்தூராரும் மேருமலையை ஏடாகவும் தந்தத்தை எழுத்தாணியாகவும் கொண்டு பாரதம் எழுதப்பட்டதாகத் தம் நூலில் பாடியுள்ளார்.

வில்லிபாரதம்

தமிழுக்குப் பாரதம் புதியதன்று. சங்க நூல்களுக்குக் கடவுள் வாழ்த்துப் பாடிய பெருந்தேவனார், பாரதம் பாடியவர் என்னும் அடைமொழியுடன் அறியப்படுகிறார். தெள்ளாற்றில் வென்ற நந்திவர்மன் காலமாகிய 9ஆம் நூற்றாண்டில் பாரத வெண்பா தோன்றியது. ஆயினும் மக்கள் உள்ளத்தில் நிலைத்தது வில்லிபாரதமே.

வியாச பாரதம் 18 பருவங்களையும் ஓரிலட்சம் சுலோகங்களையும் உடையது என்பது மரபு. வில்லிபுத்தூரார் அதனைச் சுருக்கி, ஆதி பருவம் முதல் சௌப்திக பருவம் ஈறாகப் 10 பருவங்களில், 4,300க்கு மேற்பட்ட விருத்தங்களாகப் பாடினார். போர் முடிந்ததும் அவர் நூலும் முடிகிறது. கண்ணனின் வரலாறு இடையிடையே வருவதனால் எழுந்த ஆசையே தம்மைப் பாடத் தூண்டியது என்கிறார் அவர். காதறுத்த புலவர் என்று கதை சொல்லும் ஒருவர், தம் புலமையை முன்னிறுத்தாமல் அன்பை முன்னிறுத்துவது கருதத்தக்கது. வடசொற்கள் மிகுதியாகக் கலந்திருப்பினும், சந்த இன்பத்தால் அவர் பாடல்கள் செவியில் தங்கிவிடுகின்றன.

அவர் வியாசரை அப்படியே பின்பற்றவில்லை. களத்தில் குருதி சோர விழுந்த கன்னனிடம் கண்ணன் வேதியனாக வந்து, அவன் செய்த புண்ணியம் அனைத்தையும் இரக்கிறான். கன்னன் அதனைத் தன் குருதியாலேயே தாரைவார்த்து அளிக்கிறான். எப்பிறப்பிலும் இரப்போர்க்கு இல்லையென்னாத உள்ளத்தையே வரமாகக் கேட்கிறான். போரில் தோற்றவன் ஈகையில் வெல்லும் இக்காட்சி, தமிழர் போற்றிய வள்ளன்மையின் உச்சமாகும்.

மக்களின் காப்பியம்

வில்லிபுத்தூராரின் மைந்தர் வரந்தருவார், தந்தையாரின் நூலுக்குச் சிறப்புப்பாயிரம் பாடினார். பாடப்படாத பருவங்களையும் சேர்த்து, 18ஆம் நூற்றாண்டில் நல்லாப்பிள்ளை ஏறத்தாழ 14,000 பாடல்களில் தம் பாரதத்தை அமைத்தார்.

வில்லிபாரதம் ஏட்டுடன் நின்றுவிடவில்லை. விழுப்புரம், திண்டிவனம், செஞ்சி வட்டாரங்களில் திரௌபதி அம்மன் கோயில் விழாக்களின்போது, பகலில் பாரதச் சொற்பொழிவும் இரவில் தெருக்கூத்தும் நடைபெறுகின்றன. எழுத்தறியாத உழவரும் கன்னனுக்காகக் கண்ணீர் வடித்தனர். வில்லிபுத்தூரார் பாடிய அரவான் களப்பலி, கூவாகத்தில் ஆண்டுதோறும் சித்திரைத் திருவிழாவாக நினைக்கப்படுகிறது. அவரால் எத்தனை புலவர்கள் காதிழந்தனர் என்பதை எவரும் அறியார். ஆறு நூற்றாண்டுகளாக எத்தனையோ தலைமுறையினர் அவர் பாடலுக்குக் காதுகொடுத்து வருகின்றனர் என்பதை நடுநாட்டின் ஒவ்வோர் ஊரும் அறியும்.