மார்ஷல் யூரிஸ்ட்

மார்ஷல் யூரிஸ்ட் (1914 – 2001) எலும்பு வளரத் தூண்டும் புரதத்தைக் கண்டறிந்த அமெரிக்க எலும்பு அறுவை மருத்துவர் ஆவார். சிகாகோவில் பிறந்த இவர் லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார்.

எலும்பிலுள்ள கால்சியம் முதலிய தாதுக்களை அமிலத்தால் நீக்கி, எஞ்சிய பகுதியை முயல் முதலிய விலங்குகளின் தசையினுள் இவர் பதித்தார். எலும்பே இல்லாத அவ்விடத்தில் புதிய எலும்பு உருவானது. இம்முடிவை 1965ஆம் ஆண்டு சயன்ஸ் இதழில் வெளியிட்டார். அதற்குக் காரணமான பொருளுக்கு 1971இல் எலும்பு உருவாக்கப் புரதம் எனப் பெயரிட்டார்.

எலும்பில் இப்புரதம் மிகச் சிறிதளவே இருப்பதால் அதனைத் தூய்மையாகப் பிரித்தெடுப்பது கடினமாயிருந்தது. 1988இல் பிற ஆய்வாளர்கள் இதற்குரிய மனித மரபணுக்களைப் படியெடுத்தனர். அதன் பின்னரே, மரபணு மாற்றிய உயிரணுக்களைக் கொண்டு ஆய்வுக்குப் போதிய அளவில் இதனை உற்பத்தி செய்ய இயன்றது. இவ்வாறு உற்பத்தியான ஒரு வகை, முதுகெலும்பு அறுவை மருத்துவத்துக்கு அமெரிக்காவில் 2002இல் ஒப்புதல் பெற்றது. யூரிஸ்ட் அதற்கு முந்தைய ஆண்டே காலமானார்.