அங்கி தரித்த சங்கீத வித்துவான்



அர்ச்சியசிஷ்டர்களுடைய சரித்திரங்களை இந்தப் பக்கத்தில் அடிக்கடி வாசித்து வருகிறீர்கள். இந்த வாரம் அர்ச்சியசிஷ்டர் அல்லாத ஒருவருடைய சரித்திரத்தைச் சொல்லப்போகிறேன். அவரைப் பீடத்தில் ஏற்றவேண்டும் என்று நான் சொல்லவரவில்லை. ஆனாலும் பிள்ளைகளைப் பெற்று வளர்க்கிற உங்களுக்கு அவருடைய வாழ்க்கையிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டியது உண்டு. அவருடைய பெயர் பிரான்ஸ் லிஸ்ட். பியானோ வாசிப்பில் அவருக்கு இணையானவர் அவர் காலத்தில் இல்லை என்று ஐரோப்பா முழுவதும் பேசிக்கொண்டது.

1811-ம் ஆண்டு அக்டோபர் 22-ந் தேதி ரைடிங் என்னும் சிற்றூரில் அவர் பிறந்தார். அவ்வூர் அப்போது ஹங்கேரியைச் சேர்ந்திருந்தது. இன்று ஆஸ்திரியாவில் இருக்கிறது. தகப்பனார் ஆதாம் லிஸ்ட், எஸ்தர்ஹாசி பிரபுக்களின் பண்ணையில் உத்தியோகம் பார்த்தவர். வாலிப வயதில் பிராஞ்சீஸ்கு சபை மடத்தில் சிலகாலம் நவசந்நியாசியாக இருந்து வெளியேறியவர். மடத்தை விட்டாலும் அந்தச் சபையின்மேல் இருந்த பற்றை விடவில்லை. மகனுக்கு ஞானஸ்நானத்தில் இட்ட பெயரும் பிராஞ்சீஸ்குதான்.

சிறுவனுடைய விரல்களில் இருந்த வரத்தைக் கண்ட தகப்பனார் குடும்பத்தோடு வியன்னா நகருக்குப் போனார். அங்கே கார்ல் செர்னி என்ற ஆசிரியர், பையனுடைய திறமையைப் பார்த்துச் சம்பளம் வாங்காமலே கற்றுக்கொடுத்தார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இதற்குத் திரும்பி வருவோம். 1823-ல் பாரிஸ் நகரத்துச் சங்கீதக் கலாசாலைக்குப் போனார்கள். அந்நிய நாட்டான் என்று கதவு சாத்தப்பட்டது. 1827-ல் தகப்பனார் காலமானார். பதினைந்து வயதுப் பையன் தாயைக் காப்பாற்றுவதற்காக வீடு வீடாகப் போய்ப் பாடம் சொல்லிக்கொடுத்தான். அந்த நாட்களில் குருவாக வேண்டும் என்ற ஆசை அவன் உள்ளத்தில் பலமாக எழுந்தது. தாயும் ஆன்ம குருவும் அவனைத் தடுத்துவிட்டார்கள்.

அதற்குப் பின் வந்த வருஷங்களை மறைக்காமல் சொல்லவேண்டும். லிஸ்ட் ஒரு சீமாட்டியோடு மெய்விவாகம் இல்லாமல் வாழ்ந்தார். அவள் வேறொருவருடைய மனைவி. பிளாந்தீன், கோசிமா, தானியேல் என்று மூன்று பிள்ளைகள் பிறந்தார்கள். 1839 முதல் 1847 வரை அவர் போர்த்துகல் முதல் ருஷியா வரை ஊர் ஊராகச் சென்று வாசித்தார். வேறு வித்துவான்களின் துணையின்றி ஒருவரே மேடையில் அமர்ந்து மாலை முழுவதும் வாசிக்கும் வழக்கத்தை நிலைநாட்டியவர் அவரே. ஜனங்கள் மயங்கினார்கள், பெண்கள் அவருடைய கையுறைக்காகச் சண்டையிட்டார்கள். கை நிறையப் பணம் வந்தது. அதைக் கை நிறையக் கொடுக்கவும் செய்தார். 1838-ல் பெஸ்ட் நகரத்தில் வெள்ளம் வந்தபோது, வியன்னாவில் கச்சேரிகள் செய்து கிடைத்ததை வெள்ளத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கு அனுப்பினார். ஆனால் தம் சொந்தப் பிள்ளைகள் பாரிஸில் பாட்டியிடம் வளர்ந்தார்கள். தகப்பன் தவறாமல் பணம் அனுப்பினார். பல ஆண்டுகள் தாம் போய் அவர்களைப் பார்க்கவில்லை. தூரதேசத்தில் உழைத்துப் பணம் அனுப்புகிற தகப்பன்மார் நம் பங்கிலும் உண்டு. அவர்களைக் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவர்களில் அநேகருக்கு வேறு வழியில்லை. லிஸ்டுக்கு வேறு வழி இருந்தது.

1847-ல், கீர்த்தி உச்சியில் இருந்தபோதே, முப்பத்தைந்து வயதில் அவர் கூலிக்கு வாசிப்பதை நிறுத்திவிட்டார். வைமார் நகரத்தில் தங்கி, இசை எழுதுவதிலும் கற்பிப்பதிலும் காலம் கழித்தார். ஓர் இளவரசியை முறைப்படி விவாகம் செய்ய விரும்பி 1861-ல் உரோமைக்குப் போனார். அவளுடைய முந்திய விவாகத்தைப் பற்றிய வழக்கினால், கலியாணத்துக்கு முந்தின இரவில் தடை வந்தது. அந்த விவாகம் பிறகு நடக்கவேயில்லை.

இதற்கு நடுவில் சாவு வீட்டுக்குள் வந்தது. 1859 டிசம்பரில் மகன் தானியேல் பெர்லினில் இருபது வயதில் இறந்தான். தகப்பன் கடைசி நேரத்தில் அருகில் இருந்தார். 1862-ல் மூத்த மகள் பிளாந்தீன், ஓர் ஆண் குழந்தையைப் பெற்ற இரண்டு மாதத்தில், இருபத்தாறு வயதில் இறந்தாள். அந்தக் குழந்தைக்கு இறந்துபோன தம்பியின் பெயரைத்தான் வைத்திருந்தாள்.

இந்தத் துக்கத்தில் லிஸ்ட் என்ன செய்தார்? பாக் என்ற ஜெர்மானியர், லுத்தரன் சபையைச் சேர்ந்தவர், 1714-ல் கண்ணீரையும் புலம்பலையும் பற்றி ஒரு கோயில் இசை எழுதியிருந்தார். அதன் அடிநாதம் அரை அரைப் படியாக இறங்கிவரும், பாரம் சுமந்தவன் படிக்கட்டில் இறங்குவதுபோல. பாக் அதே அடிநாதத்தைப் பிற்காலத்தில் பூசைப் பாடலில், விசுவாசப் பிரமாணம் ஆண்டவர் சிலுவையில் அறையப்பட்டதைச் சொல்லும் இடத்தில் வைத்தார். லிஸ்ட் அதை எடுத்துக்கொண்டு 1862-ல் பியானோவுக்கு ஒரு நீண்ட இசை எழுதினார். இறங்குகிற அந்தச் சில சுரங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒருமுறை முனகலாக, ஒருமுறை கோபமாக, ஒருமுறை புயலாக. ஆறுதல் அடைந்துவிட்டான் என்று நாம் நினைக்கும்போது மறுபடியும் இறங்குகின்றன. பிள்ளையை அடக்கம் செய்த தாய் தகப்பன்மாருக்கு இதை நான் விளக்கவேண்டியதில்லை.

முடிவில் புயல் நின்று, எளிய ஞானப்பாட்டு ஒன்று வருகிறது. சர்வேசுரன் செய்வதெல்லாம் நன்மையே என்பது அதன் கருத்து. பாக் தம் இசையை முடித்த பாட்டும் அதுதான். இதை வாசிக்கிறவர்கள் பலர் இந்த இடத்தை வெற்றி முழக்கமாக ஆக்கிவிடுகிறார்கள். அது சரியல்ல என்பது என் எண்ணம். கண்ணீர் இன்னும் காயாத ஒருவன் வாய்திறந்து சொல்கிற சம்மதமாக அது ஒலிக்கவேண்டும். துக்கத்தைத் தாண்டிக் குதித்துச் சொல்லுகிற விசுவாசத்தை யாரும் நம்பமாட்டார்கள். துக்கத்தின் ஊடே நடந்து வந்தவன் சொன்னால் நம்புவார்கள்.

1863-ல் அவர் உரோமைக்கு வெளியே மோந்தே மாரியோ குன்றிலுள்ள ஜெபமாலை மாதா மடத்தில் ஓர் அறை எடுத்துக்கொண்டார். ஒன்பதாம் பத்திநாதர் பாப்பரசர் அங்கே வந்து அவர் வாசிக்கக் கேட்டார். அந்தக் காலத்தில் தம் பெயருக்குரிய இரண்டு பிராஞ்சீஸ்கு அர்ச்சியசிஷ்டர்களைப் பற்றியும் பியானோவுக்கு இரண்டு இசைகளை எழுதினார். ஒன்றில் அசிசியார் பறவைகளுக்குப் பிரசங்கம் செய்கிறார். பியானோவின் மேல்கட்டைகளில் சிறகடிப்பும் கீச்சொலியும் நிறைந்திருக்கும். பிறகு துணைச்சுரம் எதுவுமின்றி ஒற்றைக் குரல் ஒன்று பேசத் தொடங்கும்; பறவைகள் கொஞ்சம் குறுக்கிடும், மெல்ல அடங்கும். விரல் வேகத்தைக் காட்டுவதற்காக இதை வாசிப்பவன் பறவைகளை மட்டும் கேட்கச் செய்வான். பிரசங்கம் காதில் விழாது.

மற்றதில் பவுலா ஊர் பிராஞ்சீஸ்கு மெசீனா நீரிணையைக் கடக்கிறார். படகுக்காரன் அவரை ஏற்ற மறுத்தான். அவர் தம் போர்வையைக் கடலில் விரித்து அதன்மேல் நடந்துபோனார் என்பது பரம்பரைக் கதை. லிஸ்டின் அறையில் இந்தக் காட்சியின் சித்திரம் ஒன்று தொங்கியது. அர்ச்சியசிஷ்டர் ஒரு கையில் எரிகிற தணலை ஏந்தி, மறு கையை உயர்த்தி, தேவசிநேகம் என்ற சொல் ஒளிவிடும் வானத்தை நோக்கி நிற்பார். இசையில் இடக்கை அலையாக எழுந்து விழுகிறது. அதன் மேலே கீதம் போன்ற ஓர் இராகம் நடக்கிறது. அலைச்சத்தம் எவ்வளவு பெரிதானாலும் அந்த இராகம் அமிழ்ந்துபோகக் கூடாது. முழு இசையின் பொருளும் அதில்தான் இருக்கிறது. கரை சேர்ந்தபின் ஆரவாரம் அடங்கி, நன்றி மன்றாட்டுப் போன்ற ஒரு மெல்லிய பகுதி வருகிறது. கேட்கும்போது அதைத் தவறவிடாதீர்கள்.

1865 ஏப்ரல் 25-ந் தேதி லிஸ்ட் உச்சிப்பட்டம் பெற்றார். அதே ஆண்டு ஜூலையில் வாயில்காப்போர், வாசகர், பேயோட்டுநர், பீடத்துணைவர் என்ற நான்கு சிறுபட்டங்களைப் பெற்றார். இந்தச் சிறுபட்டங்களை 1972-ல் ஆறாம் சின்னப்பர் பாப்பரசர் மாற்றியமைத்தார். லிஸ்ட் குருப்பட்டம் பெறவில்லை; பூசை செய்யவோ பாவசங்கீர்த்தனம் கேட்கவோ அவருக்கு அதிகாரமில்லை. ஆனாலும் கறுப்பு அங்கியைச் சாகும்வரை அணிந்தார். பழைய நாடகக்காரன் புது வேஷம் போட்டான் என்று அநேகர் சிரித்தார்கள். அங்கி அவரை உடனே புண்ணியவான் ஆக்கிவிடவில்லை என்பதும் உண்மை. சுருட்டும் மதுவும் அவரை விடவில்லை. அப்படியானால் மனந்திரும்புதல் பொய்யா? இரண்டு காரியங்களைப் பார்த்து நீங்களே தீர்மானியுங்கள்.

ஒன்று, அவருடைய இசை. வாலிபத்தில் கட்டைகள் முழுவதையும் இடியாய் நிரப்பியவர், முதுமையில் சுரங்களை ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே போனார். 1879-ல் முடித்த சிலுவைப்பாதையில் சேசுநாதர் மூன்றுமுறை விழும்போதும் அதே இசையே திரும்ப வருகிறது. ஒவ்வொரு முறையும் பெண்குரல்கள் வியாகுலமாதாவின் பாட்டைப் பாடுகின்றன. ஜனங்கள் கைதட்டுவதற்கு அதில் ஓர் இடமும் இல்லை. அச்சிட ஆள் கிடைக்கவில்லை. 1929-ம் ஆண்டு பெரிய வெள்ளிக்கிழமை, புடாபெஸ்ட் நகரத்தில்தான் அது முதன்முறை பாடப்பட்டது. எழுதியவர் இறந்து நாற்பத்திரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. கைதட்டலுக்கே வாழ்ந்த மனிதன், யாரும் கேட்காத ஜெபத்தை எழுதி வைத்துவிட்டுப் போனான்.

இரண்டாவது, அவருடைய கைகள். பிற்காலத்தில் பல தேசங்களிலிருந்து மாணவர்கள் அவரைத் தேடி வந்தார்கள். ஒருவரிடமும் அவர் காசு வாங்கவில்லை. வியன்னாவில் செர்னி தனக்கு இலவசமாய்க் கொடுத்ததை இலவசமாகவே கொடுத்துத் தீர்த்தார். தன் பிள்ளைகளுக்குக் கொடுக்கத் தவறிய நேரத்தைப் பிறர் பிள்ளைகளுக்குக் கொடுத்தார். தவறியது அதனால் திரும்பி வரவில்லை; அது அவருக்கும் தெரிந்திருக்கும்.

1886 ஜூலை 31-ந் தேதி, மிஞ்சியிருந்த ஒரே பிள்ளையான கோசிமா வாழ்ந்த பைராய்ட் நகரத்தில், தமது 74-வது வயதில் லிஸ்ட் இறந்தார். அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார்.

தாய் தகப்பன்மாரே, உங்கள் பிள்ளைகள் கோயில் பாடகர் குழுவிலோ பள்ளியிலோ வாத்தியம் பழகினால், அவர்களுக்குப் பணம் கட்டுவதோடு நிறுத்தாமல், வாரத்தில் ஒரு நாளாவது பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். சுரம் தப்பினாலும் கேளுங்கள். வாழ்க்கையில் தவறியவர்கள் கோயில் கதவண்டை வந்து நின்றால், வேஷம் என்று சிரிக்காதீர்கள். அவர்கள் எவ்வளவு தூரம் நடந்து வந்தார்கள் என்பது ஆண்டவருக்கே தெரியும். இன்றிரவு குடும்ப ஜெபமாலையின் முடிவில், இந்த ஆத்துமத்துக்காகவும், நமக்கு முன்னே போன நம் பிள்ளைகளுக்காகவும் ஒரு பரலோக மந்திரமும் ஓர் அருள்நிறை மந்திரமும் சொல்லுங்கள்.

உங்கள் பங்குக் குரு