தோர்ணக்கல் பேராயர் அசரியா

ஐதராபாத், செகந்திராபாத் நகரங்களில் வாழும் நம் தமிழ்க் குடும்பத்தினர் கோடை விடுமுறைக்கோ, பொங்கலுக்கோ, ஊர்க் கொடைவிழாவுக்கோ தாயகம் செல்லும்போது சார்மினார் எக்ஸ்பிரசில் ஏறுவது வழக்கம். காசிப்பேட்டையும் வாரங்கல்லும் கடந்து, கம்மம் வருமுன் வண்டி ஒரு சந்திப்பைத் தாண்டுகிறது. கட்டுச்சோற்றை அவிழ்த்து உண்டு முடித்துப் படுக்கை விரிக்கும் இரவு நேரம் அது. சன்னல் வழியே அவ்வூரின் பெயர்ப்பலகையை உற்று நோக்குவார் நம்மில் மிகச் சிலரே. தோர்ணக்கல் என்பது அவ்வூரின் பெயர். சிங்கரேணி நிலக்கரிச் சுரங்கப் பகுதிக்குக் கிளைப்பாதை பிரியும் சந்திப்பு என்ற அளவிலேதான், ரயில்வேயில் எழுத்தராய்ப் பணிபுரியும் யாமும் நெடுநாள் அதனை அறிந்திருந்தோம்.

அவ்வூர் மண்ணில், தமது கரங்களால் எழுப்பிய பேராலயத்தின் அருகே, திருநெல்வேலித் தமிழர் ஒருவர் துயில்கின்றார். நமக்கு முன்னே, நம்மைப் போலவே, தாய்நாடு விட்டு இந்நிஜாம் சீமைக்கு வந்தவர் அவர். நாம் ஊதியம் நாடி வந்தோம், அதனை மறைப்பதற்கில்லை. அவரோ சென்னையில் இருந்த நல்ல பணியை உதறிவிட்டு வந்தார். அவரை இங்கு வரச்செய்தது எது என்று எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். எம் குலத்தார் முருகனை வழிபடுவோர்; நம் சங்கத்திலோ பல சமயத்தினரும் உளர். ஆயினும், ஒருவர் தம் சமயத்தை உண்மையாகவே நம்பினால் அந்நம்பிக்கை அவரை என்ன செய்யும் என்பதை அறிவதற்கு மதம் ஒரு தடையன்று.

பிறப்பும் கல்வியும்

வேதநாயகம் சாமுவேல் அசரியா 1874ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 17ஆம் நாள், இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தைச் சார்ந்த வெள்ளாளன்விளை என்னும் சிற்றூரில் பிறந்தார். வாடியிலிருந்து செகந்திராபாத்துக்கு முதல் இருப்புப்பாதை திறக்கப்பட்டதும் அதே 1874ஆம் ஆண்டில்தான் என்பதை ரயில்வே ஊழியராகிய யாம் ஈண்டுக் குறிப்பிடாது செல்ல இயலவில்லை. தந்தையார் தாமஸ் வேதநாயகம் ஆங்கிலிக்கன் திருச்சபையின் குருவானவர். நாடார் குலத்தில் தோன்றிக் கிறித்தவம் தழுவியவர். பல்லாண்டு காத்திருந்து பெற்ற மகனாதலின், திருமறையில் வரும் அன்னாளின் மகனை நினைந்து சாமுவேல் எனப் பெயரிட்டனர்.

1889இல் தந்தையார் மறைந்தார். அன்னையார் எல்லனின் கண்டிப்பும் வழிபாட்டுப் பழக்கமுமே பிள்ளையை உருவாக்கின. மெஞ்ஞானபுரத்திலும் திருநெல்வேலியிலும் பயின்றபின், சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கணிதம் கற்றார். இறுதித் தேர்வு நெருங்கிய வேளையில் நோயுற்றதால் பட்டம் பெறாமலே கல்லூரியை விட்டு வெளியேறினார். அக்காலத்தில் பட்டம் என்பது அரசு அலுவலின் வாயில். பள்ளியிறுதி வகுப்போடு நின்றுவிட்ட எமக்கு அவ்விழப்பின் கனம் நன்கு தெரியும். அவரோ அதற்காகக் கலங்கி நிற்கவில்லை. 1895இல் கிறித்தவ இளைஞர் சங்கமாகிய ஒய்.எம்.சி.ஏ.யின் செயலாளர் பணியில் அமர்ந்தார். 1898இல் அன்பு மரியம்மாளை மணந்தார். தென்னாட்டுக் கிறித்தவப் பெண்களுள் முதன்முதல் கல்லூரி வகுப்பில் பயின்ற சிலருள் அவ்வம்மையாரும் ஒருவர்.

யாழ்ப்பாணத்தில் பிறந்த நாணம்

அசரியா பிறவிக் கிறித்தவர், குருவானவரின் மகன், சமயப்பணியே தொழிலாகக் கொண்டவர். இனி அவர் வாழ்வில் மாறுவதற்கு என்ன இருக்கிறது என்று எவரும் கேட்கலாம். ஆயினும் மாற்றம் வந்தது. 1902இல் இளைஞர் சங்கப் பணியாக யாழ்ப்பாணம் சென்றார். அங்கிருந்த தமிழ்க் கிறித்தவர்கள் சிறு தொகையினரேயாயினும், தம் சொந்தப் பொருளைத் திரட்டிக் கடல் கடந்து தமிழகத்துக்கே ஊழியரை அனுப்பி வந்தனர். அதனைக் கண்டதும் அசரியாவின் உள்ளத்தில் ஒரு கேள்வி தைத்தது. திருநெல்வேலியில் கிறித்தவம் வேரூன்றி நூறாண்டு கடந்துவிட்டது. ஆலயங்கள் உண்டு, பள்ளிகள் உண்டு, கற்றோர் உண்டு. ஆனால் அங்குள்ளோர் அன்றுவரை பெற்றுக்கொள்ளவே பழகியிருந்தனர். அயல்நாட்டார் பணம் அனுப்ப, அயல்நாட்டார் வந்து போதிக்க, நாம் கை நீட்டி வாங்குவதோ விசுவாசம் என்று அவர் நாணினார், தனித்திருந்து மன்றாடினார்.

அந்நாணத்தின் விளைவே 1903ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 12ஆம் நாள் பாளையங்கோட்டையில் தோன்றிய திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கம். ஆளும் இந்தியர், பொருளும் இந்தியருடையது, நிர்வாகமும் இந்தியருடையது என்பதே அதன் கொள்கை. பனையேறிகளும், சிறு வணிகரும், பள்ளி ஆசிரியரும் ஈந்த காசு அது. அச்சங்கம் ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால், நிஜாம் அரசின் தென்கிழக்கு மூலையில் இருந்த தெலுங்குச் சிற்றூர்களைத் தன் களமாகத் தேர்ந்தது. 1905ஆம் ஆண்டு கிறித்துமசு நாளன்று, வங்கத்துச் சேராம்பூரில் கே.டி.பால் முதலியோருடன் கூடி, அனைத்திந்தியாவுக்குமான தேசிய மிஷனெரி சங்கத்தையும் அசரியா தோற்றுவித்தார்.

சங்கம் கண்டவருக்குச் சங்கத்தின் மேடை போதும் என்பது உலக இயல்பு. பிறரை அனுப்பிவிட்டுத் தாம் சென்னையில் இருத்தல் தகுமா என்ற எண்ணம் அவரை உறங்கவிடவில்லை. 1909இல் இளைஞர் சங்கப் பதவியைத் துறந்தார். அவ்வாண்டே குருப்பட்டம் பெற்றுக் குடும்பத்துடன் தோர்ணக்கல் வந்து சேர்ந்தார். வயது முப்பத்தைந்து, மொழியோ புதிது. தொடக்கத்தில் கூடாரமே இல்லமாயிற்று, மரநிழலே பள்ளியாயிற்று. எழுத்துக்கூட்டித் தெலுங்கு கற்று, பின்னர் அம்மொழியிலேயே ஊர் ஊராகப் போதித்தார்.

எடின்பரோவும் கல்கத்தாவும்

1910இல் இசுகாத்துலாந்தின் எடின்பரோ நகரில் உலக மிஷனெரி மாநாடு கூடியது. ஏறத்தாழ 1200 பிரதிநிதிகளுள் ஆசியர் இருபதின்மர்கூட இல்லை. அவ்வவையில் அசரியா எழுந்து பேசினார். வெள்ளையர் ஊழியர்கள் இந்தியருக்காக உயிரையும் பொருளையும் தந்த தியாகத்தை மனமாரப் போற்றினார். ஆயினும் அவர்கள் இந்தியரைத் தம் பந்தியில் சமமாக அமர்த்துவதில்லை என்பதையும் அஞ்சாது எடுத்துரைத்தார். தியாகத்துக்கு மேலாக நட்பையே வேண்டினார். சிலர் முகம் சுளித்தனர். உலகத் திருச்சபை வரலாறோ அவ்வுரையை மறக்கவில்லை. தன்மானத்துக்காக மட்டும் பேசியிருப்பின், அத்துடன் உறவை முறித்துக்கொண்டிருப்பார். அவரோ பேசி முடித்து, அதே திருச்சபையின் ஊழியராகத் தோர்ணக்கல் திரும்பினார்.

1912ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 29ஆம் நாள் கல்கத்தாத் தூய பவுல் பேராலயத்தில் அவர் பேராயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். ஆங்கிலிக்கன் திருச்சபையில் அப்பதவி பெற்ற முதல் இந்தியர் அவரே. இந்தியர் ஒருவரின்கீழ்ப் பணிபுரிவதோ என்று வெள்ளையர் சிலர் தயங்கினர். நம்மவருள்ளும் அவர் பிறந்த குலத்தை எண்ணிப் பேசியவர் உண்டு. சென்னைப் பேராயர் ஒயிட்ஹெட் அவருக்கு உறுதுணையாக நின்றார். பட்டமின்றிக் கல்லூரியை விட்டு வந்தவருக்குக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 1920இல் கௌரவ டாக்டர் பட்டம் வழங்கியது.

சேரிகளில் நிகழ்ந்த மாற்றம்

தோர்ணக்கல் மறைமாவட்டத்தில் திருச்சபையை நாடி வந்தோர் பெரும்பாலும் மாலா, மாதிகா வகுப்பினர், நிலமற்ற கூலிகள், ஊருக்குப் புறத்தே ஒதுக்கப்பட்டோர். பேராயர் மாட்டுவண்டியிலும் மிதிவண்டியிலும் அவர்தம் குடிசைகளுக்குச் சென்றார். அழுக்கு, நோய், கடன், குடி என்னும் நான்கையும் நான்கு பேய்கள் என எண்ணி அவற்றோடு போராடினார். இவற்றுள் கள்ளையும் சாராயத்தையும் ஒழிப்பதில் அவர் காட்டிய உறுதி பெரிது. திருமுழுக்குப் பெற்ற ஒவ்வொருவரும் தம் தலைமேல் தாமே கை வைத்து, நற்செய்தியைப் பிறர்க்கு உரைப்பது தம் கடன் என்று சூளுரைக்கச் செய்தார். நேற்றுவரை எவரும் ஏறிட்டுப் பாராத கூலியாளும், பிறருக்குக் கொடுப்பதற்குத் தன்னிடமும் ஒன்று உண்டு என்று உணர்ந்தான். யாழ்ப்பாணத்தில் அசரியா கற்ற பாடம் தெலுங்குச் சேரிக்கு வந்து சேர்ந்த வகை இது. ஏழையிடமும் காணிக்கை வாங்க வேண்டும் என்பது அவர் கொள்கை. தானியமாகவோ கோழியாகவோ அவரவர் இயன்றது தந்தனர்.

ஊழியப் பயிற்சிக்கு வந்த ஆடவருடன் அவர்தம் மனைவியரும் தோர்ணக்கல்லில் தங்கிக் கற்றனர். பெண்கல்வியில் அன்பு மரியம்மாள் பேராயருக்கு வலக்கரமாய் விளங்கினார். 1930களில் அம்மறைமாவட்டத்துக் கிறித்தவர் தொகை இரண்டு இலட்சத்தைக் கடந்தது.

இத்துணைப் பேர் எதனை நாடி வந்தனர்? அக்காலத்தில் நாடெங்கும் எழுந்த வினா இது. 1935இல் டாக்டர் அம்பேத்கர் தாம் இந்துவாக இறக்கப் போவதில்லை என அறிவித்தபின் அவ்வினா மேலும் சூடேறியது. எழுத்தறியாத ஏழை மக்கள் கூட்டங்கூட்டமாகச் சமயம் மாறுவது உள்ளத்தின் மாற்றமாகுமா, உலகியல் நன்மை கருதிய செயலாகுமா என்று காந்தியடிகள் ஐயுற்றார். அவ்வையத்தை நாமும் எளிதில் தள்ளிவிட இயலாது. பசித்தவன் முதலில் சோற்றை எண்ணியே வருவான். நிழல் அற்றவன் நிழலை எண்ணியே வருவான். அசரியாவும் இதனை அறியாதவரல்லர். வந்தபோதிருந்த எண்ணம் எதுவாயினும், வந்தபின் வாழ்வு மாறியதா என்றே அவர் பார்த்தார். குடித்தவர் குடியை விட்டனர். மனைவியை அடித்தவர் நாணினர். பிள்ளைகள் பள்ளி சென்றனர். இம்மாற்றத்தை அருகிருந்து கண்ட மேற்சாதித் தெலுங்கு மக்கள் சிலரும் திருச்சபையை நாடினர். அவர்கள் இழந்தது மிகுதி.

நன்மை கருதி மதம் மாறுகின்றனர் என்ற பழிக்கு அவர் செயலாலும் விடையிறுத்தார். 1932இல் பிரிட்டிஷ் அரசு அறிவித்த வகுப்புத் தீர்ப்பில் இந்தியக் கிறித்தவருக்கெனத் தனித்தொகுதி வழங்கப்பட்டது. தம் மக்களுக்கு ஆதாயம் தரும் அவ்வேற்பாட்டைப் பேராயர் எதிர்த்தார். திருச்சபை வாக்குகளை எண்ணும் அரசியற் கூட்டமாகிவிடின், அதனுள் வருவோரின் நோக்கம் மாசுறும் என்று அவர் அஞ்சினார்.

அவர் முயற்சி யாவும் முற்றுப்பெற்றன என்று கூறுவதற்கில்லை. மாலாவுக்கும் மாதிகாவுக்கும் இடையே இருந்த வேற்றுமை ஆலயத்தின் உள்ளும் புகுந்தது. ஒரே பாத்திரத்தில் அருந்துவோர் ஒரே பந்தியில் அமராத நிலை அவருக்குத் தீராத வேதனை. நம்பிக்கை ஒருவனை மாற்றும். ஊரை மாற்றுவதற்குத் தலைமுறைகள் வேண்டும் போலும்.

பேராலயமும் இறுதியும்

பல்லாண்டுப் பொருள்முட்டுக்கிடையே எழுந்த தோர்ணக்கல் பேராலயம் 1939ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 6ஆம் நாள் பிரதிட்டை செய்யப்பட்டது. குவிமாடங்கள் மசூதியை நினைவூட்டும். தூண்கள் நம் கோயில் மண்டபத்தை நினைவூட்டும். அத்தூண்களில் தாமரை மலர்ந்திருக்கும். இந்நாட்டு மண்ணின் அழகனைத்தும் தம் இறைவனுக்கு உரியது என்னும் எண்ணம் அக்கட்டடத்தில் விளங்குகிறது. பிரிந்து கிடந்த திருச்சபைகள் ஒன்றாதல் வேண்டும் என்பதும் அவர் வாழ்நாள் வேட்கை. அதற்காக இலண்டன் வரை சென்று வாதிட்டார். தென்னிந்தியத் திருச்சபை உருவானதோ 1947 செப்டம்பர் 27இல். அதனைக் காண அவர் இல்லை. 1945ஆம் ஆண்டுப் புத்தாண்டு நாளன்று, காய்ச்சலுற்றுத் தோர்ணக்கல்லிலேயே உயிர் நீத்தார். உடலைத் திருநெல்வேலிக்குக் கொண்டு செல்லவில்லை. தெலுங்கு மண்ணே அவரை ஏற்றுக்கொண்டது.

அன்பர்களே! நாமும் இம்மண்ணின் சோற்றை உண்கின்றோம். யாம் இந்நகருக்கு வந்து இருபதாண்டுக்கு மேலாகியும், எம் தெலுங்கு காய்கறிக் கடையைத் தாண்டவில்லை. ஆண்டு விழா நடத்துகின்றோம், தமிழ் வகுப்பு நடத்துகின்றோம், அவை நற்பணிகளே. ஆயினும் நம் குடியிருப்பின் மதிலுக்கு அப்பால் வாழும் ஏழைத் தெலுங்குப் பிள்ளைக்கு நாம் தந்தது யாது என்று கேட்பின், எம்மிடம் விடையில்லை. அசரியா முப்பத்தைந்தாம் வயதில் தொடங்கினார். நாற்பதைக் கடந்த நம்மில் பலர்க்கும் காலம் இன்னும் கழிந்துவிடவில்லை.

அடுத்த முறை ஊருக்குச் செல்லும்போது, காசிப்பேட்டை கழிந்ததும் பிள்ளைகளை உடனே உறங்கவிடாதீர்கள். தோர்ணக்கல் வருமிடத்தில் சன்னலருகே அமர்த்தி, அங்கே துயிலும் தமிழர் ஒருவரின் கதையைச் சொல்லுங்கள்.