இராஜீவ் காந்தி: வாக்குச் சீட்டும் போர்முனையும்

ஒருவர் வாழ்க்கையை எழுதப் புகுவோர், அவர் எய்திய புகழை அளந்து காட்டுவது வழக்கம். நான் வேறொன்றை அளக்க விரும்புகிறேன். படையை அனுப்பும் அதிகாரமும் தேர்தலில் வெல்ல வேண்டிய தேவையும் ஒருவரிடமே வந்து சேர்ந்தால் என்ன நேரும்? இதற்கு விடை தேடி வியட்நாம் வரை செல்ல வேண்டியதில்லை. நம் மும்பையில் பிறந்த ஒருவரின் வாழ்வே விடை கூறும்.

இராஜீவ் காந்தி 1944 ஆகஸ்டு 20-ஆம் நாள் பம்பாயில் பிறந்தார். பாட்டனார் நேரு அப்போது அகமதுநகர்க் கோட்டையில் சிறையிருந்தார். பேரனோ அரசியலை நாடவில்லை. டேராடூனில் பள்ளிக் கல்வி முடித்துக் கேம்பிரிட்ஜிலும் இலண்டனிலும் பயின்றார். பட்டம் பெறாமலே திரும்பி விமானி ஆனார். 1980-இல் தம்பி சஞ்சய் விமான விபத்தில் மாண்டார். மறு ஆண்டு அமேதித் தொகுதி அண்ணனுக்கு வந்தது. 1984 அக்டோபர் 31-ஆம் நாள் அன்னை இந்திரா சுட்டுக் கொல்லப்பட்டார். அன்று மாலையே மகன் பிரதமரானார். அடுத்த நாட்களில் தில்லியில் சீக்கியர்கள் கொன்று குவிக்கப்பட்ட கறை அவர் ஆட்சியின் தொடக்கத்திலேயே படிந்தது. ஆயினும் டிசம்பர்த் தேர்தலில் அவர் கட்சி நானூறுக்கு மேற்பட்ட இடங்களை வென்றது. அப்போது அவருக்கு வயது நாற்பது.

இலங்கைச் சிக்கல் அவருக்கு முன்பே தொடங்கியது. 1983 ஜூலையில் நடந்த படுகொலைக்குப் பின் ஏதிலிகள் தமிழகக் கரையில் வந்திறங்கினர். 1987 ஜூன் 4-ஆம் நாள் யாழ்ப்பாணத்தின் மீது இந்திய விமானங்கள் உணவுப் பொருள்களை வீசின. ஜூலை 29-ஆம் நாள் கொழும்பில் ஜெயவர்த்தனாவோடு ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. மறுநாள் அணிவகுப்பைப் பார்வையிட்டபோது சிங்கள மாலுமி ஒருவன் துப்பாக்கியின் அடிக்கட்டையால் அவரைத் தாக்கினான். அமைதி காக்கச் சென்ற நம் படை, அக்டோபர் 10 முதல் விடுதலைப் புலிகளோடு போரிட்டது.

இனித் தேர்தல்களைப் பாருங்கள், தோழர்களே! முதலாவது இலங்கையில், 1988 டிசம்பர் 19-ஆம் நாள். தெற்கே ஜே.வி.பி.யினர் இந்தியப் படைக்கு எதிராகச் சிங்கள இளைஞரைத் திரட்டியிருந்தனர். ஆளுங்கட்சியின் பிரேமதாசாவும் சரி, எதிர்த்து நின்ற சிறிமாவோவும் சரி, படையைத் திருப்பி அனுப்புவதாகவே வாக்குக் கேட்டனர். பிரேமதாசா வென்றார். 1989 ஜூன் 1-ஆம் நாள், ஜூலை 29-க்குள் படை வெளியேற வேண்டுமென்று அறிவித்தார். அது ஒப்பந்தத்தின் இரண்டாம் ஆண்டு நிறைவு நாள்!

இரண்டாவது தேர்தல் இந்தியாவில் நெருங்கிக்கொண்டிருந்தது. பிறர் குறித்த நாளில் திரும்பினால் தோல்வி என்பர். திரும்பாமல் இருந்தாலோ சவப்பெட்டிகள் வந்துகொண்டே இருக்கும். என் கருத்தில், இராஜீவ் இரண்டிற்கும் நடுவே ஒரு வழி தேடினார். ஜூலை 29-ஆம் நாள் ஏறக்குறைய 600 வீரர்கள் மட்டும் கப்பலேறினர். செப்டம்பர் 18-ஆம் நாள் புதிய உடன்பாடு ஏற்பட்டது. 20-ஆம் நாளிலிருந்து தாக்குதல் நிறுத்தம். டிசம்பர் 31-க்குள் முழுமையாக விலக முயற்சி. இடையில் நவம்பரில் வாக்குப்பதிவு! 1968-இல் அமெரிக்க அதிபர் ஜான்சன், தேர்தலுக்கு ஐந்து நாட்களே இருக்கையில் வட வியட்நாம் மீது குண்டுவீச்சை நிறுத்துவதாக அறிவித்ததும் என் நினைவுக்கு வருகிறது.

நாள் குறித்த படையின் நிலை என்ன? எங்கள் சான்பாடாவில் ஓய்வுபெற்ற படைவீரர் ஒருவர் இருக்கிறார். அந்நாளில் வவுனியாவில் பணியாற்றியவர். திரும்பும் நாள் வானொலியில் தெரிந்த பின், அதுவரை பேசிய ஊரார் பேச்சை நிறுத்திக்கொண்டனராம். அவர்கள்மேல் அவர் குறை சொல்லவில்லை. நாங்கள் போய்விடுவோம், அவர்கள் அங்கேயே வாழ வேண்டுமே என்றுதான் என்னிடம் கூறினார். அவர்களுடைய அச்சம் பொய்யாகவில்லை. நம் படையை நம்பி மாகாண ஆட்சி நடத்திய வரதராஜப் பெருமாளும் அவரைச் சார்ந்தோரும் 1990 மார்ச்சில் இந்தியாவுக்குத் தப்பி வர நேர்ந்தது.

நவம்பர்த் தேர்தலில் காங்கிரசு 197 இடங்களோடு ஆட்சியை இழந்தது. காரணம் இலங்கைப் போரா? அன்று, நாடெங்கும் பேசப்பட்டது போபர்ஸ் பீரங்கி ஊழல். தமிழகத்திலோ காங்கிரசும் அ.தி.மு.க.வும் சேர்ந்து 39-இல் 38 இடங்களை வென்றன! படையின் செயலைக் கடுமையாகக் குறைகூறிய தி.மு.க. ஓரிடமும் பெறவில்லை. ஆக, படையின் கதியை முடிவு செய்த தேர்தலில் படையைப் பற்றிய கேள்வியே முதன்மை பெறவில்லை. வி.பி. சிங் டிசம்பர் 2-ஆம் நாள் பதவியேற்றார். 1990 மார்ச் 24-ஆம் நாள் திருகோணமலையிலிருந்து கடைசி அணி புறப்பட்டது. ஏறக்குறைய 1,200 வீரர்கள் திரும்பவில்லை. உயிரிழந்த ஈழத் தமிழ்ப் பொதுமக்களோ பலர். ஜூன் மாதமே அங்கு மீண்டும் போர் மூண்டது. இலட்சத்துக்கு மேற்பட்ட ஏதிலிகள் மீண்டும் தமிழகம் வந்தனர்.

மூன்றாவது தேர்தல் அவர் உயிரையே வாங்கிற்று. 1991 மே 21-ஆம் நாள் இரவு, பரப்புரைக்காகத் திருப்பெரும்புதூர் வந்தவரை மனித வெடிகுண்டாக வந்த பெண் ஒருத்தி கொன்றாள். உடனிருந்தோர் பலரும் மாண்டனர். அவர் மீண்டும் ஆட்சிக்கு வந்தால் மீண்டும் படையை அனுப்புவார் என்று புலிகள் அஞ்சியதே கொலைக்குக் காரணம் என்று வழக்கில் அரசுத் தரப்பு வாதிட்டது. அப்படியாயின், நடந்த தேர்தல் மட்டுமல்ல, முடிவு தெரியாத தேர்தலும் போரின் போக்கை மாற்றும் என்றே கொள்ள வேண்டும். பிரேமதாசாவும் 1993 மே நாளில் கொழும்பில் குண்டுக்குப் பலியானார்.

தேர்தல் போர்முனையில் தலையிடுவதே தவறு என்று நான் சொல்லவில்லை. வாக்காளருக்கு அஞ்சாத ஆட்சி, படையைத் திருப்பி அழைக்க என்றுமே அவசரப்படாது. பிழை வேறிடத்தில் உள்ளது. வெளிநாட்டுக்குப் படை அனுப்ப நாடாளுமன்றத்தின் முன் ஒப்புதல் வேண்டும் என்னும் சட்டம் நம் நாட்டில் இல்லை. அனுப்பும்போது கேள்வி எழவில்லை. அழைக்கும்போது தேதியைப் பற்றியே பேச்சு. அங்கு வாழப்போகும் மக்களின் பாதுகாப்பு இரண்டு நேரத்திலும் பின்னுக்குத் தள்ளப்பட்டது.

இராஜீவ் காந்தி செய்த இன்னொரு செயலையும் நாம் மறத்தலாகாது. வாக்குரிமை வயதை 21-இலிருந்து 18 ஆகக் குறைத்த அறுபத்தோராம் அரசியல் சட்டத் திருத்தம் அவர் ஆட்சியில் வந்தது. 1989 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டு நவம்பரில்தான் பதினெட்டு வயதினர் முதன்முதலாக மக்களவைக்கு வாக்களித்தனர். இன்று நம் கல்லூரியில் பயிலும் நீங்களும் நானும் அவ்வுரிமை உடையவர்கள். எல்லைக்கு அப்பால் படை செல்கிறது என்னும் செய்தி வரும் நாளில், ஏன் செல்கிறது, எப்போது திரும்பும், திரும்பிய பின் அங்குள்ளவரை யார் காப்பார் என்று வேட்பாளரை நேரில் கேட்போம்.