பாட்டிமார்களுக்காகக் கூடை தூக்கியவர்

நம் கூட்டமைப்பு மலருக்கு ழான் ஜுகான் அம்மையாரைப் பற்றி எழுதுகிறேன். வயசானவர்களுக்காகவே வாழ்ந்தவர் அவர். நம்மைப் போல உழைத்துப் பிழைத்த பெண்.

பிரான்ஸ் நாட்டில் கான்கால் என்ற மீனவர் ஊரில் 1792-ம் வருஷம் பிறந்தார். மீன்பிடிக்கக் கடலுக்குப் போன அப்பா திரும்பி வரவே இல்லை. அப்போது ழானுக்கு நாலு வயசுகூட ஆகவில்லை. அம்மாதான் கஷ்டப்பட்டுப் பிள்ளைகளை வளர்த்தார். ழானும் சின்ன வயசிலேயே மாடு மேய்த்தார், கம்பளி நூல் நூற்றார். 16 வயசில் ஒரு பெரிய வீட்டில் சமையல்கட்டு வேலைக்குப் போனார். பிறகு சேன் செர்வான் என்ற ஊரில் ஆஸ்பத்திரி வேலை, வீட்டு வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

நாற்பது வயசு தாண்டிய பிறகு, பிரான்சுவாஸ் என்ற வயசான அம்மாவோடும் விர்ஜினி என்ற 17 வயசுப் பெண்ணோடும் சேர்ந்து ஒரு சின்ன வீட்டில் வாடகைக்கு இருந்தார். மூன்று பேரும் வேலை செய்து ஒன்றாகச் சமாளித்தார்கள். இதைப் படித்தபோது எனக்கு நம் குழு ஞாபகம்தான் வந்தது.

1839-ம் வருஷக் குளிர்காலத்தில், கண் தெரியாத, கை கால் விழுந்த ஒரு மூதாட்டி கவனிக்க ஆளில்லாமல் கிடந்தார். ழான் அவரைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினார். தன் கட்டிலில் அவரைப் படுக்க வைத்துவிட்டுத் தான் பரணில் போய்ப் படுத்தார். அப்போது ழானுக்கு 47 வயசு. அடுத்தடுத்துப் பாட்டிகள் வந்தார்கள். 1841-ல் பெரிய இடம் பிடித்து 12 பேரை வைத்துக்கொண்டார். அப்புறம் ஒரு பழைய மடத்தையே வாங்கி 40 பேர் வரை பார்த்துக்கொண்டார்.

அத்தனை பேருக்கும் சோறு எங்கிருந்து வரும்? அந்தப் பாட்டிகளில் பலர் அதுவரை வீடு வீடாகக் கையேந்தியவர்கள். இனி நீங்கள் போகவேண்டாம், உங்களுக்குப் போடும் வீடுகளை மட்டும் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டு, ழானே கூடையைத் தூக்கிப் புறப்பட்டார். காசு, மிச்ச ரொட்டி, பழைய துணி, எது கொடுத்தாலும் வாங்கினார். கோபத்தில் கன்னத்தில் அறைந்த ஒருவரிடம்கூட, இது எனக்குச் சரி, என் ஏழைகளுக்கு என்ன தருவீர்கள் என்று கேட்டாராம். முடிந்த பாட்டிகளுக்கு நூல் நூற்கிற மாதிரி வேலையும் கொடுத்தார். 1845-ல் பிரெஞ்சு அகாதமி அவருக்குப் பரிசு கொடுத்துப் பாராட்டியது.

ஆனால் அவர் ஆரம்பித்த சபையில் அவருக்கே இடமில்லாமல் போனது. தலைவியாக மறுபடி தேர்ந்தெடுக்கப்பட்டும், ஒரு பாதிரியார் அதை மாற்றி வேறொருவரை வைத்தார். 1852-ல் பிச்சைக்குப் போவதையும் நிறுத்தி, தலைமை மடத்தில் ஒதுக்கிவிட்டார்கள். 27 வருஷம் அப்படியே இருந்தார். கூட இருந்த இளம் சகோதரிகளுக்கு, இவர்தான் சபையை ஆரம்பித்தவர் என்றே தெரியாது. 1879-ல் தம் 86-ம் வயசில் இறந்தார். உண்மை பிறகுதான் வெளியே வந்தது. 2009-ல் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார்கள். ஏழைகளின் சிறிய சகோதரிகள் என்ற அந்தச் சபை 1882-ல் கொல்கத்தாவுக்கு வந்தது. சென்னையிலும் முதியோர் இல்லம் நடத்துகிறார்கள்.

வயசானவர்களுக்கு ஒரு வாய் கஞ்சி ஊற்றினால் போதும் என்று நாம் நினைக்கிறோம். ழான் சோறும் போட்டார், கையேந்துகிற கூச்சத்தையும் அவர்களிடமிருந்து எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டார். நம் ஊரில் வெற்றிலைக்கும் டீக்கும் மகனிடம் கேட்கக் கூசுகிற பாட்டிகள் எத்தனை பேர்! உதவித்தொகை வந்த அன்றே அதை வாங்கிக்கொள்கிற வீடுகளும் இருக்கின்றன. அந்தப் பணம் அவர்கள் கையிலேயே இருக்கட்டும். குழுக் கூட்டத்தில் சேமிப்பும் கடனும் பேசி முடித்த பிறகு ஐந்து நிமிஷம் ஒதுக்குவோம். நம் தெருவில் தனியாக இருக்கிற பெரியவர் சாப்பிட்டாரா, மாத்திரை தீர்ந்துவிட்டதா, அடுத்த வாரம் யார் போய்ப் பார்ப்பது என்று பேசுவோம்.