ஆளை அளந்து கேடியைப் பிடித்தவர்

திருடனைப் பிடிப்பது ஒரு வேலை. பிடிபட்டவன் யார் என்று கண்டுபிடிப்பது இன்னொரு வேலை. அந்த இரண்டாவது வேலைக்கு வழி கண்டவர், பிரெஞ்சு நாட்டைச் சேர்ந்த அல்போன்ஸ் பெர்ட்டில்லான்.

1853-ம் ஆண்டு பாரிஸ் நகரில் அவர் பிறந்தார். தந்தை பெயர் பெற்ற டாக்டர். புள்ளி விவர நிபுணர். அண்ணனும் அதே துறையில் புகழ் பெற்றவர். அல்போன்சுக்கோ பள்ளிக்கூடம் என்றால் வேப்பங்காய். பள்ளிக்கூடத்தில் இருந்து விரட்டப்பட்டார். பிறகு இங்கிலாந்து போய்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். ராணுவத்திலும் இருந்தார். எதிலும் நிலைக்கவில்லை.

கடைசியில் தந்தையின் சிபாரிசால், 1879-ல் பாரிஸ் போலீஸ் தலைமை அலுவலகத்தில் அவருக்கு ஒரு குமாஸ்தா வேலை கிடைத்தது.

பெயர் மாற்றிய கேடிகள்

கைதிகளின் அடையாளத்தைச் சீட்டில் எழுதி வைப்பதுதான் அவர் வேலை. அந்தச் சீட்டுகளால் பயன் ஒன்றும் இல்லை. உயரம் நடுத்தரம், முகம் சாதாரணம் என்று எழுதினால் அது யாருக்குத்தான் பொருந்தாது? கைதிகளின் போட்டோக்களும் ஆயிரக்கணக்கில் குவிந்து கிடந்தன. அவற்றில் ஒன்றைத் தேடி எடுப்பது வைக்கோல் போரில் ஊசி தேடுவது போல இருந்தது.

அந்தக் காலத்துப் பழைய கேடிகளுக்கு இது நல்ல வசதி. முன்பெல்லாம் பிரான்சில் குற்றவாளிகளின் உடலில் சூடு போட்டு அடையாளம் வைப்பார்கள். 1832-ல் அந்தக் கொடுமையை ஒழித்து விட்டார்கள். அதன் பிறகு, பிடிபட்டவன் புதுப் பெயர் ஒன்றைச் சொன்னால் போதும். முதல் தடவையாக அகப்பட்டவன் போலக் குறைந்த தண்டனையோடு தப்பி விடலாம்.

பெர்ட்டில்லான் யோசித்தார். பெயரை மாற்றலாம், தாடி வளர்க்கலாம், எலும்பை மாற்ற முடியுமா? இருபது வயதுக்கு மேல் எலும்பின் அளவு அநேகமாக மாறுவதில்லை. ஆகவே தலையின் நீளம், அகலம், நடுவிரல், இடது பாதம், முழங்கை முதல் விரல் நுனி வரை என்று 11 அளவுகளை எடுத்தால் ஆளைக் கண்டுபிடித்து விடலாம் என்று முடிவு செய்தார்.

அதைவிடக் கெட்டிக்காரத்தனம், சீட்டுகளை அடுக்கிய முறையில் இருந்தது. 90 ஆயிரம் சீட்டுகள் இருப்பதாக வைத்துக் கொள்ளுங்கள். தலை நீளத்தைச் சிறிது, நடுத்தரம், பெரிது என்று பிரித்தால் ஒரு பிரிவுக்கு 30 ஆயிரம். தலை அகலத்தை வைத்து அதையும் மூன்றாக்கினால் 10 ஆயிரம். நடுவிரலை வைத்துப் பிரித்தால் மூவாயிரத்துச் சொச்சம். இப்படியே போனால் ஒரு கைப்பிடிச் சீட்டுகள்தான் மிஞ்சும்!

மூன்று மாதக் கெடு

இதை எழுதி மேலிடத்துக்குக் கொடுத்தார். கமிஷனர் கேலி செய்து தள்ளி விட்டார். குமாஸ்தாவுக்கு எதற்கு இந்த வேலை என்று மற்றவர்களும் சிரித்தார்கள். மூன்று ஆண்டுகள் போயின. புதிய கமிஷனர் வந்தார். 1882-ம் ஆண்டுக் கடைசியில் அவர் மூன்று மாத அவகாசம் கொடுத்தார். அதற்குள் ஒரு பழைய குற்றவாளியையாவது கண்டுபிடித்துக் காட்ட வேண்டும் என்பது நிபந்தனை.

பெர்ட்டில்லானுக்கு இது வாழ்வா சாவா என்ற சோதனை. அளந்த ஒருவன் மூன்று மாதத்துக்குள் விடுதலையாகி, மறுபடி திருடி, மறுபடி பிடிபட வேண்டுமே!

கெடு முடியும் தறுவாயில், 1883 பிப்ரவரியில், டூபோன் என்று பெயர் சொல்லி ஒருவன் வந்தான். நம் ஊரில் முனுசாமி என்பது போல, அங்கே அது சர்வ சாதாரணமான பெயர். பெர்ட்டில்லான் அவனை அளந்தார், சீட்டுகளைப் புரட்டினார். இரண்டு மாதத்துக்கு முன், காலிப் பாட்டில்களைத் திருடி மாட்டிக் கொண்ட மார்த்தேன் என்பவனின் அளவுகள் அப்படியே பொருந்தின. அவனும் உண்மையை ஒப்புக் கொண்டான்.

அடுத்த ஆண்டில் மட்டும் 241 பேர் இப்படி அகப்பட்டார்கள். 1888-ல் பெர்ட்டில்லான் அடையாள இலாகாவுக்கே தலைவர் ஆனார். 1892-ல் நீதிபதி வீட்டுக்கு வெடிகுண்டு வைத்த ரவஷோல் என்பவன், வெளியூரில் முன்பே அளக்கப்பட்ட கொலைகாரன்தான் என்று அவர் நிரூபித்ததும், அவர் புகழ் உலகெங்கும் பரவியது.

முகத்தை நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என்று கைதியைப் போட்டோ எடுக்கும் முறையை வகுத்தவரும் அவரே. போலீஸ் நிலையங்களில் இன்றும் அப்படித்தான் எடுக்கிறார்கள். கொலை நடந்த இடத்தில் உயரமான முக்காலி மேல் கேமராவை நிறுத்தி, பிணத்தையும் சுற்றியுள்ள பொருள்களையும் மேலிருந்து படம் எடுத்தார். எது எதற்கு எவ்வளவு தூரம் என்று அந்தப் படத்தை வைத்தே பிறகு கணக்கிடலாம்.

நிரபராதிக்குச் சிறை

அளவுகோலோடு அவர் நின்றிருக்கலாம். 1894-ல், ராணுவ ரகசியத்தை ஜெர்மனிக்கு விற்ற ஒரு கடிதம் அகப்பட்டது. டிரைபஸ் என்ற யூத அதிகாரி மீது சந்தேகம் விழுந்தது. கடிதத்தின் கையெழுத்தைப் பார்த்துச் சொல்லப் பெர்ட்டில்லானைக் கூப்பிட்டார்கள். கையெழுத்து ஆராய்ச்சியில் அவருக்குப் பயிற்சி கிடையாது. ஆனாலும் அது டிரைபஸ் எழுதியதுதான் என்று சாதித்தார். எழுத்து ஒத்துப் போகாத இடங்களைக் காட்டினால், அவரே வேண்டுமென்று மாற்றி எழுதி இருக்கிறார் என்றார். ஒத்திருந்தாலும் குற்றவாளி, ஒத்திராவிட்டாலும் குற்றவாளி! இப்படிப்பட்ட வாதத்திலிருந்து யார்தான் தப்ப முடியும்?

டிரைபஸ் பிசாசுத் தீவு என்ற சிறைத் தீவில் நான்கு ஆண்டுகளுக்கு மேல் வாடினார். கடிதத்தை எழுதியவன் எஸ்டர்ஹாசி என்ற வேறொரு அதிகாரி. பெர்ட்டில்லானின் கணக்குகள் எல்லாம் தவறு என்று 1904-ல் மூன்று கணித மேதைகள் காட்டினார்கள். 1906-ல் டிரைபஸ் நிரபராதி என்று தீர்ப்பாயிற்று.

கைரேகை வந்தது

இதற்கிடையே இந்தியாவில் ஒரு மாறுதல் நடந்தது. வங்காளப் போலீசாரும் முதலில் பெர்ட்டில்லான் முறைப்படி ஆட்களை அளந்தவர்கள்தான். அளப்பவரின் கை சற்றுப் பிசகினால் கணக்கே தவறியது. கைரேகையில் அந்தத் தொல்லை இல்லை. ஹென்றி என்ற அதிகாரியும், அவரிடம் வேலை பார்த்த அசிசுல் ஹக், ஹேமசந்திர போஸ் ஆகிய இருவரும் ரேகைகளை வகை பிரித்து அடுக்க வழி கண்டார்கள். 1897-ல் கல்கத்தாவில் கைரேகை நிலையம் ஏற்பட்டது. 1901-ல் லண்டன் போலீசாரும் அந்த முறைக்கு மாறினார்கள்.

பெர்ட்டில்லானும் தம் சீட்டுகளில் சில விரல்களின் ரேகையைப் பதித்து வந்தார். 1902-ல் பாரிசில் ஒரு கொலை நடந்த வீட்டில், உடைந்த கண்ணாடியில் இருந்த ரேகையை வைத்துக் கொலைகாரன் ஷெபர் என்பவனைக் கண்டுபிடித்தவரே அவர்தான்! ஆனாலும் சீட்டுகளை ரேகைப்படி அடுக்க அவருக்கு மனம் வரவில்லை. எலும்பின் அளவுப்படியே அவை இருந்தன.

1911 ஆகஸ்டில் பாரிஸ் லூவர் காட்சிசாலையில் இருந்து மோனா லிசா ஓவியம் திருட்டுப் போயிற்று. திருடன் விட்டுச் சென்ற கண்ணாடியில் ஒரு கட்டை விரல் ரேகை இருந்தது. திருடிய பெருஜியா முன்பே போலீசில் அகப்பட்டவன். அவன் சீட்டு பெர்ட்டில்லானின் அலுவலகத்திலேயே இருந்தது. ஆனால் ஒரே ஒரு விரல் ரேகையைக் கொண்டு அந்த அடுக்கில் தேட வழி இல்லை.

1913 டிசம்பரில் இத்தாலியில் ஓவியத்தை விற்க முயன்றபோது பெருஜியா தானாகவே மாட்டிக் கொண்டான். அப்போது பெர்ட்டில்லான் நோயாளியாக இருந்தார். 1914 பிப்ரவரி 13-ந் தேதி அவர் காலமானார். வயது 60.