காய்ச்சலைக் கொண்டு புற்றுநோயை எதிர்த்த டாக்டர் கோலி

1890-ம் ஆண்டு. நியூயார்க் மருத்துவமனையில் பணியாற்றிய இளம் சர்ஜன் ஒருவரிடம் பெஸ்ஸி டேஷீல் என்ற 17 வயதுப் பெண் வந்தாள். வலது கையில் சிறு வீக்கம், தீராத வலி. எலும்பைப் பற்றும் 'சார்கோமா' என்னும் புற்றுநோய் என்று தெரிய வந்தது. கையை வெட்டியெடுத்தும் பயனில்லை. நோய் உடலெங்கும் பரவி, 1891 ஜனவரியில் அவள் மாண்டாள்.

அந்தச் சர்ஜன்தான் வில்லியம் கோலி. 1862-ல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் பிறந்து, 1888-ல் ஹார்வர்டில் மருத்துவப் பட்டம் பெற்றவர். அந்தப் பெண்ணின் மரணம் அவரை உலுக்கிவிட்டது. மருத்துவமனையின் பழைய நோயாளிக் குறிப்புகளைப் புரட்டலானார்.

அதில் ஸ்டீன் என்பவரின் குறிப்பு கண்ணில் பட்டது. ஜெர்மனியிலிருந்து பிழைக்க வந்தவர். கழுத்தில் புற்றுக்கட்டி. பலமுறை அறுத்தும் மீண்டும் வளர்ந்தது. டாக்டர்கள் கைவிட்ட நிலையில், தோல் சிவந்து வீங்கிக் கடுங்காய்ச்சல் தரும் எரிசிபெலஸ் என்ற தொற்று அவரைப் பீடித்தது. காய்ச்சல் தணிந்தபோது கட்டியும் மறைந்திருந்தது!

ஏழைகள் நெருங்கி வாழ்ந்த குடியிருப்புகளில் தேடியலைந்து, அவரைக் கண்டுபிடித்தார் கோலி. ஸ்டீன் நலமாக இருந்தார்.

1891-ல் தொண்டைக் கட்டியால் அவதியுற்ற ஓர் இத்தாலியருக்கு உயிருள்ள கிருமிகளையே கோலி ஊசி மூலம் செலுத்தினார். கடும் காய்ச்சலுக்குப் பின் கட்டி கரைந்தது. அவர் மேலும் எட்டாண்டுகள் வாழ்ந்தார். ஆனால், இம்முறையில் வேறு இருவர் தொற்றுக்கே பலியாயினர். ஆகவே கொல்லப்பட்ட இரு வகைக் கிருமிகளைக் கலந்து புது மருந்து செய்தார். 1893-ல் அதைப் பெற்ற 16 வயதுச் சிறுவனின் வயிற்றுக்கட்டி மறைந்தது. அவன் மேலும் 26 ஆண்டுகள் வாழ்ந்தான்.

எனினும், எல்லோருக்கும் குணமாகவில்லை. மருந்தின் வீரியமும் ஒரே சீராக இல்லை. சக டாக்டர்கள் சந்தேகித்தனர். ரேடியம், எக்ஸ்ரே சிகிச்சைகள் வந்ததும் கோலியின் ஊசி ஓரங்கட்டப்பட்டது. 1936-ல் அவர் காலமானார். தந்தையின் குறிப்புகளை ஆராய்ந்த மகள் ஹெலன், 1953-ல் நியூயார்க்கில் புற்றுநோய் ஆராய்ச்சிக் கழகம் ஒன்றை நிறுவினார்.

உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிப் புற்றுநோயை வெல்ல முடியும் என்பது பிற்காலத்தில் உறுதியாயிற்று. எதிர்ப்புச் சக்திக்குள்ள 'பிரேக்'கை விடுவிக்கும் முதல் மருந்து 2011-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதற்கு வழிவகுத்த ஆராய்ச்சிக்காக ஆலிசன், ஹோன்ஜோ இருவரும் 2018-ல் நோபல் பரிசு பெற்றனர்.

ஆயினும் இம்மருந்துகள் எல்லாப் புற்றுநோய்க்கும் ஏற்றவையல்ல. நோயின் வகை, பரவிய நிலை, கட்டித் திசுவின் பரிசோதனை ஆகியவற்றைப் பார்த்தே டாக்டர்கள் தருகின்றனர். தூண்டப்பட்ட எதிர்ப்புச் சக்தி சிலருக்குக் குடல், நுரையீரல், கல்லீரல், தைராய்டு ஆகியவற்றையே தாக்கிவிடும். சிகிச்சையின்போதோ, முடிந்து பல மாதங்கள் கழித்தோ வயிற்றுப்போக்கோ மூச்சுத்திணறலோ வந்தால், கைமருந்து செய்து காலங்கடத்தாமல் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். காலத்தில் தெரிந்தால் பெரும்பாலும் ஸ்டீராய்டு மருந்தால் கட்டுப்படுத்தலாம்.

பிழைக்க வந்த ஓர் ஏழையின் பழைய மருத்துவக் குறிப்பு, மருத்துவ உலகுக்கே புதுவழி காட்டியது. அதை அலட்சியம் செய்யாமல் எடுத்துப் படித்ததே டாக்டர் கோலியின் பெருமை.